இரண்டு ஊசிகளுக்கு நடுவில்

குரங்கம்மைக்கு முதல் ஊசியை ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் போட்டுக்கொண்டேன். லண்டனில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளியிருக்கும் கிளினிக்கில். நிரோஷனும் கூட வந்து போட்டுக்கொண்டான். இடது கையின் மேல்பக்கம், தோலுக்கு அடியில், எறும்பு கடித்த அளவு வலி. இருபத்தெட்டு நாளுக்குப் பிறகு இரண்டாவது ஊசிக்கு வரச் சொல்லி ஒரு சின்ன கார்டும், நான்காக மடித்த துண்டுத்தாள் ஒன்றும் கொடுத்தார்கள். இரண்டையும் பாஸ்போர்ட் உறையில் செருகினேன். பத்து நாளில் ஊருக்குப் பயணம். கையில் கிடைத்த காகிதமெல்லாம் அந்த உறைக்குள்தான் போய்க்கொண்டிருந்தது.

நிரோஷனைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்துக்காரன், லண்டனில் பஸ் ஓட்டுகிறான். ஐந்து வருடமாக நாங்கள் ஒன்றாக வாழ்கிறோம். ஊரில் எல்லோருக்கும் அவன் என் ரூம்மேட். அம்மா போனில், "உன் ரூம்ல இருக்குற புள்ள சாப்ட்டுச்சா?" என்று கேட்பாள். "சாப்ட்டாச்சும்மா" என்று நானே பதில் சொல்லிவிடுவேன்.

குரங்கம்மை யாருக்கும் வரும். நோயுள்ளவரின் தோலோடு தோல் உரசினால் போதும். ஆனால் லண்டனில் அது பெரும்பாலும் ஆண்களோடு உறவில் இருக்கும் ஆண்களிடையே பரவியதால் ஊசியை எங்களைப் போன்றவர்களுக்குக் கொடுத்தார்கள். ஊசி யாருக்கு என்பது அந்தத் துண்டுத்தாளின் முதல் வரியிலேயே தடித்த எழுத்தில் இருந்தது. அதை மடிக்கும்போது எனக்கு அது உறுத்தவில்லை. லண்டனில் அது வெறும் காகிதம்.

ஊருக்குப் போனது காதுகுத்துக்கு. என் அக்கா விஜயா கடலூர் செம்மண்டலத்தில் இருக்கிறாள், பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியை. அவள் வீட்டுக்காரர் ராஜேந்திரன் மாமாவுக்கு முதுநகரில் படகு இன்ஜின் பழுது பார்க்கும் வேலை. கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்தவள் யாழினி. அப்போது அவளுக்குப் பதினான்கு மாதம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், அந்தத் தாய்மாமன் நான் ஒருவன்தான். "நீ வர்ற தேதிதான் முகூர்த்தம்" என்று மாமா சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை சிதம்பரம் வடக்கு வீதியில் அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். சனிக்கிழமை உடம்பு கணகணவென்று இருந்தது. பயண அலுப்பு என்று நினைத்து இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவும் மாமாவும் பாப்பாவோடு வந்தார்கள். வீட்டுக் கூடத்திலேயே காதுகுத்து. ஆசாரி முதல் காதைக் குத்தியபோது பாப்பா அழவில்லை, என்ன நடந்தது என்று யோசித்தாள். இரண்டாவது காதுக்கு வீடே அதிர்ந்தது. பிறகு என் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அரை மணி நேரம் விசும்பியபடி இருந்தாள். அக்கா கை நீட்டியும் போகவில்லை. அவள் கண்ணீரும் மூக்குச்சளியும் என் சட்டையெல்லாம். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து ரொம்ப நாளாகியிருந்தது.

திங்கட்கிழமை காலை குளிக்கப் போனபோது நெஞ்சில் ஏழெட்டுக் கொப்புளம். வயிற்றில் இன்னும் சில. உள்ளங்கையில் இரண்டு.

அம்மா பார்த்தவுடனே கையெடுத்துக் கும்பிட்டாள். "முத்து போட்டிருக்குடா. ஆத்தா வந்திருக்கா. ஒண்ணும் பண்ணாத, பேசாம படு." அக்காவுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டபோது என்னைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டாளாம். "அன்னிக்கு உன்ன ஒளிச்சு வெச்சேன், இப்ப தேடிகினு வந்திருக்கா" என்றாள். சொல்லிக்கொண்டே வேப்பிலைக் கொத்தை வாசலில் செருகப் போனாள்.

எனக்கு அப்போது அம்மாவின் ஆத்தா நினைவில் இல்லை. கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். நேற்று பாப்பாவின் முகம் அழுந்தியிருந்த இடத்தில் ஒரு கொப்புளம் சிவந்து எழும்பிக்கொண்டிருந்தது.

பக்கத்துத் தெருவிலிருந்த டாக்டரிடம் போனேன். அவர் நெஞ்சைப் பார்த்தார், உள்ளங்கையைப் பார்த்தார். எந்த நாட்டிலிருந்து வந்தேன் என்று கேட்டுவிட்டு மாஸ்க் எடுத்து மாட்டிக்கொண்டார். "பயப்படாதீங்க. ஆனா வெளிநாட்டுலேந்து வந்து, உள்ளங்கைலயும் இருக்கறதால குரங்கம்மை இல்லன்னு உறுதி பண்ணிக்கணும்" என்று கடலூர் அரசு மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினார். ஆம்புலன்ஸை அவரே வரவழைத்தார்.

முந்தின நாள் இரவு சிதம்பரத்திலேயே தங்கிவிட்ட மாமாவை ஆம்புலன்ஸில் ஏற்றவில்லை. அவர் பைக்கில் பின்னாலேயே வந்தார். பி.முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று எந்த இடத்தில் திரும்பிப் பார்த்தாலும் பின்கண்ணாடியில் மாமா இருந்தார். ஹெல்மெட்டுக்குள் அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது. என்ன சொல்லிக்கொண்டு வந்தார் என்று பிறகு கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல மச்சான், சும்மா சாமிகிட்டப் பேசிகினு வந்தேன்" என்றார்.

என்னை மாடியில் தனி அறையில் வைத்தார்கள். ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, கம்பிவலை அடித்த ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே முற்றத்தில் ஒரு புங்கமரம், அதன் நிழலில் நோயாளிகளின் வீட்டு ஆட்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அறைக்குள் யாருக்கும் அனுமதி கிடையாது. வருகிற நர்ஸ் முழு உடுப்பில் வந்தார். கண் மட்டும் தெரியும். அந்தக் கண்ணால் சிரித்து, "லண்டன்லேந்து எங்களுக்கு சாக்லேட் வாங்கியாராம இதை வாங்கியாந்திருக்கீங்களே சார்" என்றார். அன்று காலையிலிருந்து நான் முதல் தடவை சிரித்தது அப்போதுதான்.

டாக்டர் ஷமீமாவுக்கு முப்பது வயதிருக்கும். அவசரப்படாமல் பேசுகிறவர். சின்னம்மைக்கும் குரங்கம்மைக்கும் வித்தியாசம் எங்கே பார்ப்பார்கள் என்பதை எனக்குச் சொல்லிக்கொண்டே பரிசோதித்தார். சின்னம்மையில் ஒரே இடத்தில் புதிய கொப்புளம், பழுத்தது, காய்ந்தது எல்லாம் கலந்து இருக்கும். அரிப்பு அதிகம். குரங்கம்மையில் எல்லாம் ஒரே பருவத்தில் இருக்கும், கொஞ்சம் ஆழமாக இருக்கும், உள்ளங்கை உள்ளங்காலிலும் வரும், அக்குளிலும் கழுத்திலும் நெறி கட்டும். "உங்களுக்கு முதல் நாள்தான். இன்னிக்குப் பாத்து எது பழசு எது புதுசுன்னு சொல்ல முடியாது" என்றார்.

கொப்புளத்தின் மேல்தோலைக் குச்சியால் தேய்த்து எடுத்தார். தொண்டையில் ஒன்று, ரத்தம் ஒரு குப்பி. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே வகைப் பரிசோதனைதான். அதில் ஒளிந்திருக்கும் கிருமியின் அடையாளத்தைப் பல மடங்கு பெருக்கிப் பார்ப்பது. வெளியூர் ஆய்வகத்துக்குப் போய் வர மூன்று நாள் ஆகலாம்.

பிறகு கேள்விகள். லண்டனில் யாருக்காவது இதுபோல இருந்ததா? இல்லை. கல்யாணம் ஆகிவிட்டதா? இல்லை. யாரோடாவது நெருக்கமான உறவு உண்டா?

"இல்லை" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். கையைத் தூக்கச் சொன்னார். இடது அக்குளில் அவர் விரல் நின்றது. "இங்க நெறி கட்டியிருக்கு. வலது பக்கம் இல்ல, கழுத்துல இல்ல, இங்க மட்டும் இருக்கு." கையின் மேல்பக்கம் இருந்த சின்னக் கட்டியைத் தொட்டுப் பார்த்தார். "இது என்ன? சமீபத்துல இந்தக் கையில ஊசி ஏதாவது போட்டீங்களா?"

இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கு அந்த நேரம் புரியும் என்றுதான் இதை எழுதவே உட்கார்ந்தேன். டி.டி. ஊசி என்று சொல்லிவிடலாம். யாரும் கேட்கப்போவதில்லை. என் ஊரே அந்த அறை வாசலில் நின்று கேட்பது போலத் தோன்றியது, மருத்துவமனையில் எனக்குத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் வேலை செய்கிறார்களோ என்று நினைத்தேன், அக்கா வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தை நினைத்தேன். வாய் பாதி திறந்துவிட்டது. அப்போது டாக்டர், "உங்க மடியில குழந்தைய வெச்சிருந்தீங்கன்னு சொன்னீங்க இல்ல, அதனாலதான் நோண்டி நோண்டிக் கேக்கறேன்" என்றார்.

சொன்னேன். ஊசியின் பெயரைச் சொன்னேன், அது எனக்கு எதற்காகக் கிடைத்தது என்று சொன்னேன், நிரோஷன் என்ற பெயரையும் சொன்னேன். ஊர் மண்ணில் நின்று இன்னொருவரிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

டாக்டர் ஷமீமாவின் முகம் மாறவில்லை. "அவருக்கு ஜுரம், கொப்புளம் ஏதாவது?"

"இல்ல டாக்டர்."

"அப்ப நல்லது. நீங்க சொன்னது ரொம்ப உதவி. அக்குள்ள நெறி கட்டினது அந்த ஊசியாலயே இருக்கலாம். நான் அதை நோயோட அடையாளம்னு எடுத்துக்க இருந்தேன்." பிறகு நான் கேட்காமலேயே விளக்கினார். அந்த ஊசியில் இருப்பது பலவீனப்படுத்திய ஒரு வைரஸ். அது நம் உடம்பில் பெருகாது, அதனால் ஊசியால் குரங்கம்மை வராது. ஒரு ஊசிக்கே ஓரளவு காப்பு உண்டு, இரண்டு போட்டால்தான் முழுமை. "கேஸ் ஷீட்ல ஊசி போட்டத எழுதுவேன். மத்தத எழுத வேண்டிய அவசியம் இல்ல" என்றார். வாசல்வரை போய்த் திரும்பி, "ஆனா கார்டு வேணும். ஊசி பேரும் தேதியும் ஆய்வகத்துக்கு அனுப்பணும்" என்றார்.

கார்டு பாஸ்போர்ட் உறையில். பாஸ்போர்ட் உறை சிதம்பரத்தில், என் பெட்டியில். அம்மாவும் அக்காவும் அங்கே இருந்தார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அக்காவுக்குத் தெரியும்.

அக்காவுக்குப் போன் செய்து, "பாஸ்போர்ட் உறையில ஒரு மஞ்சள் கார்டு இருக்கும்க்கா, அத மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு" என்றேன். 'மட்டும்' என்பதைக் கொஞ்சம் அழுத்திவிட்டேன் போலிருக்கிறது.

பத்து நிமிடத்தில் கார்டின் படம் வந்தது. அதன் ஓரத்தில், மடிப்பு பிரிந்த துண்டுத்தாளின் முனை தெரிந்தது.

அதன் பிறகு அக்காவிடமிருந்து ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை சாயங்காலம் இல்லை. செவ்வாய்க்கிழமை முழுக்க இல்லை. மாமா மட்டும் மூன்று வேளையும் வந்தார். காலையில் இளநீர், மதியம் குழைவாக வடித்த சோறும் மோரும், சாயங்காலம் கஞ்சி. கீழே கொடுத்துவிட்டு முற்றத்தில் நின்று கையை ஆட்டுவார். போனில் பேசினால் நான்கு வார்த்தைதான். "பாப்பா நல்லாருக்கா. சாப்டு." எல்லோரையும் செம்மண்டலத்துக்கே கூட்டி வந்துவிட்டாராம். சுகாதாரத் துறையிலிருந்து ஒரு அம்மா தினமும் வந்து பாப்பாவுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துப் போனார். மூன்று வாரம் இப்படிப் பார்க்க வேண்டும். குரங்கம்மையாக இருந்தால் பாப்பாவுக்குப் போட இங்கே ஊசி கிடையாது, காத்திருப்பதுதான் வழி என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதே ஊசி எனக்கு லண்டனில் இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளிக் கிடைத்தது.

காய்ச்சல் நூற்றிரண்டைத் தாண்டியது. முதுகெல்லாம் பரவிவிட்டது. நிரோஷன் மணிக்கு ஒரு தடவை கூப்பிட்டான். பஸ்ஸை டிப்போவில் நிறுத்தும் இடைவெளியில் எல்லாம் அவன் முகம் போனில் வந்தது. "நான் வெளிக்கிட்டு வரட்டோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். வேண்டாம் என்றேன். வந்தால் யார் என்று சொல்வது?

புதன்கிழமை பதினோரு மணிக்குப் போன் அடித்தது. அக்கா.

"ஜன்னல்ட்ட வா" என்றாள்.

புங்கமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள், தோளில் கைப்பை, காதில் போன். பள்ளிக்கூடத்துக்குப் போகிற மாதிரி காட்டன் புடவை. நான் கம்பிவலையில் நெற்றியை வைத்தேன். மேலேயிருந்து பார்க்க அவள் வகிட்டில் நரை தெரிந்தது.

"என்னாடா, மூஞ்சியெல்லாம் வந்துடுச்சு" என்றாள்.

"பாப்பா?"

"ஜுரம் இல்ல. காது மட்டும் லேசா செவந்திருக்கு, தேங்கா எண்ண வெச்சிருக்கேன்." கைப்பையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டாள். "கார்டுகூட ஒரு பேப்பர் இருந்துச்சு."

"தெரியும்க்கா."

"பத்தாங்கிளாஸுக்கு இங்கிலீஷ் எடுக்கறேன். புரியாம இருக்குமா எனக்கு?"

"ரெண்டு நாளா உன்மேல அவ்ளோ கோவம். எத்தினி பொண்ணு போட்டோ அனுப்பினேன் உனக்கு? ஒவ்வொண்ணுக்கும் 'நல்லாருக்குக்கா, பாக்கலாம்'னு பதில் போட்ட. அந்தப் பொண்ணுங்க வீட்டுல நான் எத்தினி டீ குடிச்சிருக்கேன் தெரியுமா? மேல்பட்டாம்பாக்கத்துல ஒரு வீட்டுல கேசரியே கிண்டி வெச்சிருந்தாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காத" என்றாள். அவள் குரல் மாறியது. "எனக்குப் புள்ள இல்லாத பதினோரு வருஷத்துல யார் என்ன பேசினாலும் மொத போன் உனக்குத்தான் போட்டேன். ஒவ்வொரு தடவ தள்ளிப் போயி, அப்புறம் இல்லன்னு ஆனப்பவும் அவருக்கு முன்னாடி உங்கிட்டதான் அழுதிருக்கேன். நீ மட்டும் எனக்குப் போன் போடல. அதான்டா எனக்கு ஆறல. வேற ஒண்ணும் இல்ல."

மரத்தடியில் பாய் விரித்திருந்த ஒரு கிழவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். நான் மேலே நின்று அழுதுகொண்டிருந்தேன். கன்னத்துக் கொப்புளத்தில் கண்ணீர் பட்டு எரிந்தது.

"பாப்பாவுக்கு எதாவது ஆயிடுச்சுன்னா, அக்கா..."

"ஆவாது. ஆனாலும் நீ வேணும்னா பண்ண? பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவன்கிட்டேந்து வந்தா அவனத் திட்டுவோமா?" மூக்கை உறிஞ்சினாள். "அந்த ரூம்மேட்டுதான?"

"ஆமாக்கா. நிரோஷன்."

"நல்லாப் பாத்துக்கறாரா உன்ன?"

"பாத்துக்கறான்."

"இப்ப ஒடம்பு முடியலன்னு தெரியுமா அவருக்கு?"

"மணிக்கொரு வாட்டி போன் பண்றான்."

"பண்ணுவாரு பின்ன" என்றாள். பிறகு வாத்தியார் குரலில், "அம்மாகிட்ட நீயா எதுவும் ஒளறாத. நேரம் பாத்து நான் சொல்றேன். கஞ்சிய மிச்சம் வெக்கிறியாம், நர்ஸு சொன்னாங்க. ஒழுங்கா குடி."

அன்று மதியம் நிரோஷன் கூப்பிட்டபோது குரல் வேறு மாதிரி இருந்தது. மூன்று வாரம் முன்னால் அவன் அக்கா மகனின் பிறந்தநாளுக்கு நாங்கள் போயிருந்தோம். அந்தப் பையன் என் முதுகில் ஏறி யானைச் சவாரி செய்தான். "பெடியனுக்கு அடுத்த நாளே கொப்புளிப்பான் வந்ததாம். அக்கா இப்பதான் சொல்லுறா" என்றான். கொப்புளிப்பான் என்றால் அவர்கள் ஊரில் சின்னம்மை. நான் உடனே நர்ஸிடம் சொல்லி அனுப்பினேன். டாக்டர் ஷமீமா வந்து முதுகைப் பார்த்தார். ஒரே இடத்தில் பழுத்ததும் காய்ந்ததும் புதியதும் கலந்திருந்தன. "எனக்கும் அப்படித்தான் தோணுது. ஆனா ரிப்போர்ட் வராம நான் சொல்லக் கூடாது" என்றார். சொல்லும்போது மாஸ்க்குக்கு மேலே கண் கொஞ்சம் சுருங்கியது.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு முடிவு வந்தது. குரங்கம்மை இல்லை. சின்னம்மை.

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் டாக்டர் உட்கார விடவில்லை. "சின்னம்மையும் குழந்தைக்கு ஒட்டும். கொப்புளம் வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே ஒட்டும். ஆனா இதுக்கு ஊசி இருக்கு. பட்ட அஞ்சு நாளுக்குள்ள போட்டா வராம தடுக்கும், வந்தாலும் லேசா வரும். ஞாயித்துக்கிழமைதான மடியில வெச்சிருந்தீங்க? நாளைக்கு அஞ்சாவது நாள். போன் போடுங்க."

மாமாவுக்குப் போன் போட்டேன். அவர் முதுநகரில் ஒரு படகின் இன்ஜினுக்குள் இருந்தார். "இரு மச்சான், கைய தொடச்சிக்கிறேன்" என்றவர், விஷயத்தைக் கேட்டதும் துடைத்தாரோ இல்லையோ, கிளம்பிவிட்டார். அன்றைக்கே கடலூரில் குழந்தை மருத்துவர்கள் இருவரிடம் விசாரித்து, ஒருவரிடம் ஊசி இருப்பதை உறுதி செய்து, வெள்ளிக்கிழமை காலை கடை திறக்குமுன் வாசலில் நிற்கிற மாதிரி கிளினிக் வாசலில் பாப்பாவோடு நின்றார். பாப்பா இந்தத் தடவையும் முதலில் யோசித்துவிட்டுப் பிறகுதான் அழுதாளாம்.

எனக்கு வைரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரை எழுதிக் கொடுத்து, வெள்ளிக்கிழமை மதியம் அனுப்பிவிட்டார்கள். பெரியவர்களுக்குச் சின்னம்மை வந்தால் சிலருக்கு நுரையீரல்வரை போகும், அதனால் மாத்திரையை விடவே கூடாது என்றார் டாக்டர் ஷமீமா. நான் நன்றி சொன்னேன். எதற்கு என்று அவருக்குப் புரிந்தது. "ரெண்டாவது ஊசிய மறந்துடாதீங்க. இது வந்ததால அது வேணாம்னு ஆயிடாது" என்றார்.

பாப்பா இருக்கும் செம்மண்டலம் வீட்டுக்குப் போக முடியாது. மாமா ஒரு காரை இரவல் வாங்கி வந்து சிதம்பரத்துக்குக் கூட்டிப் போனார். அம்மா பஸ்ஸில் முன்னாலேயே போய்விட்டிருந்தாள். மாமாவுக்குச் சின்ன வயதிலேயே அம்மை போட்டுவிட்டதால் பயமில்லை. ஜன்னலெல்லாம் இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டினார். ஆலப்பாக்கம் தாண்டியது.

"விஜி சொன்னா" என்றார்.

"ம்."

"எனக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியல மச்சான். பொய் சொல்ல வரல எனக்கு."

"பரவால்ல மாமா."

இன்னும் கொஞ்ச தூரம் போனது. "திங்கக்கிழம அந்த டாக்டரம்மாகிட்ட நீ மறைச்சிருந்தா என்னா ஆயிருக்கும்?"

"நெறி கட்டினத வெச்சு அதுதான்னு நெனச்சிருப்பாங்க. ரிப்போர்ட்டு எப்படியும் சொல்லியிருக்கும். ஆனா..."

"என் பொண்ணுக்காகத்தான சொன்ன?"

நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது புரியுது எனக்கு" என்றார் மாமா.

வீட்டு வாசலில் வேப்பிலை வாடாமல் இருந்தது. வந்ததும் முதல் வேலையாகப் புதுக் கொத்து செருகியிருக்கிறாள். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நாலு நாள், ஒரு ஆம்புலன்ஸு, வெளியூரு லேபு. நான் திங்கக்கிழமையே சொன்னனா இல்லியா, ஆத்தான்னு?" அடுத்த மூன்று வாரம் தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம் அதையே சொன்னாள். மாத்திரை போடக் கூடாது என்று முதல் நாள் சண்டை போட்டாள். அக்கா போனில் ஏதோ பேசியபிறகு, ஆத்தாவிடம் உத்தரவு கேட்டுவிட்டு அவளே நேரத்துக்கு எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். பதினோராவது நாள் வெயிலில் காய வைத்த தண்ணீரில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தலைக்கு ஊற்றினாள். முப்பத்தாறு வயது மகனின் முதுகைச் சிறுபிள்ளை முதுகுபோலத் தேய்த்தாள். அரிப்பு அடங்கிய அந்தச் சுகத்தை எந்த மருந்தும் தரவில்லை. மாத்திரைதான் என்னைக் காப்பாற்றியது என்று நான் நம்புகிறேன். அம்மா வேறு ஒருத்தியை நம்புகிறாள். எங்களுக்குள் தகராறு இல்லை.

பதினைந்தாவது நாள் யாழினியின் முதுகில் மூன்று கொப்புளம் வந்தது. மூன்றே மூன்று. காய்ச்சல் இல்லை, விளையாட்டு நிற்கவில்லை. நான்கு நாளில் காய்ந்து உதிர்ந்துவிட்டது. அக்கா அனுப்பிய படத்தில் கொப்புளத்தைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிடம் ஆனது.

விடுப்பை நீட்டி, நன்றாகத் தேறியபிறகு லண்டன் திரும்பினேன். நிரோஷன் தன் இரண்டாவது ஊசியைப் போடாமல் எனக்காகக் காத்திருந்தான். இருபத்தெட்டு நாளுக்கு முன்னால் போடக் கூடாதே தவிர, கொஞ்சம் தள்ளிப் போனால் தவறில்லை என்றார்கள். ஒரு சனிக்கிழமை காலை இருவரும் போய்ப் போட்டுக்கொண்டு வந்தோம். சோபாவில் ஆளுக்கொரு பக்கம் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே சாயங்காலம். யாழினி அவள் மடியில் முறுக்கு கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஊசி ஆச்சா? வலிக்குதா?" என்றாள் அக்கா. நான் சொல்லி முடிப்பதற்குள், "அவருக்கும் ஆச்சா? போன அவருகிட்ட குடு" என்றாள்.

நிரோஷன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். லண்டன் மாநகரத்தில் நள்ளிரவு குடிகாரர்களை ஏற்றி இறக்குகிறவன், அன்று போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"சுகமா இருக்கிறியளோ அக்கா?" என்றான்.

"நல்லாருக்கோம் தம்பி. நீங்க சாப்ட்டீங்களா?"

ஐந்து வருடமாக நான் பதில் சொல்லிவந்த கேள்விக்கு அவனே பதில் சொன்னான். என்ன சமைத்தோம் என்று பேசினார்கள். என்னைப் பற்றி இரண்டு புகார் சொன்னான். அக்கா இரண்டு சேர்த்துச் சொன்னாள். அப்போது திரையின் ஓரத்தில் மாமாவின் அரை முகம் வந்து, போய், மறுபடி வந்தது.

"உள்ள வாங்களேன், என்னா அங்க நின்னுகினு" என்றாள் அக்கா.

மாமா வந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். "வணக்கம்" என்றார். அதற்கு மேல் ஓடவில்லை. அக்காவைத் திரும்பிப் பார்த்து, நாங்கள் கேட்க மாட்டோம் என்று நினைத்தோ என்னவோ, தணிந்த குரலில், "அவர நான் இன்னான்னு கூப்புட்றது?" என்றார்.

அக்காவுக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

நிரோஷன்தான் பேசினான். "எங்கட பக்கம் அக்காவின்ர புருசன அத்தான் எண்டுதான் சொல்லுறது. நான் உங்கள அத்தான் எண்டு கூப்பிடட்டோ?"

மாமா அதை யோசித்தார். இன்ஜினில் ஒரு சத்தத்தைக் கேட்டு அது எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கிற மாதிரி யோசித்தார்.

"கூப்புடு மச்சான்" என்றார்.